அல் ஃப்ரெஸ்கோவும் ஆடி அமாவாசையும்

வந்தவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்துவிட்டால் ஹோட்டல் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி, உட்கார்ந்தவர் எழுந்து வேறு மேசைக்குப் போகும்போது முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்துக்கொள்வது. தட்டு ஏந்திப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜவுளிக் கடையில் புடவை பிரித்துப் போட்டவர்கள், டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள், வேறு எந்த ரூபத்திலாவது பொதுஜனத்தின் முகத்தில் தினமும் விழித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நாம் பட்டதை நாம்தானே பேசிக்கொள்ள வேண்டும்!

என் பெயர் ஜெயசீலி. வீடு ஆவடி. வேலை, பெங்களூர் ஹைவேயில் நசரத்பேட்டையை ஒட்டி இருக்கும் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசர். முழு ஹோட்டலுக்கும் இல்லை, வெளிப்பகுதிக்கு மட்டும். எங்கள் முதலாளி கஜேந்திரன் முன்பு அதே இடத்தில் கிரானைட் கல் விற்றவர். கல்லை எல்லாம் எடுத்துவிட்டு ஹால் கட்டி ஏசி போட்டார். மீந்துபோன முற்றத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், ஹோட்டல் படிப்பு படித்த அவர் மகன் மேசை நாற்காலி போட்டு, 'அல் ஃப்ரெஸ்கோ' என்று பலகை மாட்டி, திறப்பு விழா முடிந்த கையோடு துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். பலகையையும் என்னையும் அவன் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு அந்த முற்றம் ஆரம்பத்திலிருந்தே கண்ணில் விழுந்த தூசி. ஆனி மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். ஆடி முடிவதற்குள் வெளியே கூட்டம் சேரவில்லை என்றால் கூரை போட்டு, சுற்றிக் கண்ணாடி அடைத்து, ஹாலோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். ஹாலுக்கு ஏற்கெனவே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். என்னோடு வெளியே பரிமாறும் பாபுவுக்கும் உள்ளே இடமில்லை. வெளி மேசைகள் போனால் நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் வயதில் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

அர்த்தம் தேடியது

பலகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அது என்ன பண்டம் என்று கேட்டார்கள். ஒருவர் அரை பிளேட் கிடைக்குமா என்றார். 'திறந்த வெளியில் சாப்பிடுவது' என்று முதலாளி மகன் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ரிட்டயரான ஒரு பெரியவர், "இதுல எதும்மா திறந்தது, எதும்மா வெளி?" என்று குடைந்த பிறகு, வெட்கம் தாளாமல் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன்.

அதில் திறந்ததும் இல்லை, வெளியும் இல்லை. 'ஃப்ரெஸ்கோ' என்றால் இத்தாலிய மொழியில் குளிர்ச்சி, புதுசு. நாம் காய்கறிக் கடையில் 'ஃப்ரெஷ்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிரிந்த பங்காளிகளாம். சுவரில் பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே வரைகிற ஓவியத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர். 'அல் ஃப்ரெஸ்கோ' என்றால் 'குளிர்ச்சியில்'. பகல் முழுக்க வெயிலில் வெந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல், சாயங்காலக் காற்றுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர்களின் சொல்லாகத்தான் அது எனக்குத் தோன்றியது. பிறகு ஆங்கிலேயர்கள் அதை எடுத்துப்போய், வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே வைத்துக்கொண்டார்களாம்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இவ்வளவு அழகான அர்த்தம் உள்ள பலகையை ஒரு மனுஷன் எப்படிக் கழற்றுவான்? மறுநாள் முதல் வேலையாக முதலாளியிடம் போய், ஓவியம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் காதுக்குள் குச்சி விட்டுக் குடைந்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"குளிர்ச்சின்னா ஏசிதானே ஜெயசீலி? அத்தத்தானே நானும் இம்மா நாளா சொல்லிகினு கீறேன்."

இத்தாலிக்காரரே வந்தது

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் மெஷின் பூட்டிக் கொடுக்க வந்த ஒரு இத்தாலிக்காரரை, அங்கே வேலை செய்யும் தமிழ் இன்ஜினீயர் ஒருவர் ஒரு நாள் மதியம் அழைத்து வந்தார். நம் பலகைக்கு அந்த ஊர்க்காரரே சாட்சி சொல்ல வந்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன். முதலாளியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். இத்தாலிக்காரர் பலகையை அண்ணாந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

சிரித்து முடித்து, உட்கார்ந்து, பரோட்டாவையும் இறால் தொக்கையும் கண்ணில் நீர் வழிய ஒரு பிடி பிடித்தார். வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அவர்கள் ஊரில் வேறு வார்த்தையாம். இதைச் சொன்னால் பேச்சு வழக்கில் அர்த்தம் எங்கேயோ போய்விடுமாம். போகும்போது மரத்தையும் மதிலையும் வெயிலையும் பார்த்துவிட்டு இன்ஜினீயர் காதில் என்னவோ சொன்னார். இன்ஜினீயர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மேடம், அவங்க ஊர்ல ஒருத்தர் 'அல் ஃப்ரெஸ்கோ'ல இருக்காருன்னா ஜெயில்ல இருக்காருன்னு அர்த்தமாம். சாப்பாடு பிரமாதம், எப்ப விடுதலைன்னு கேக்கறாரு."

பஸ்ஸில் போகிறவர்கள்

எங்கள் வாசலில் பாலம் வேலை நடக்கிறது. அதனால் பஸ் எல்லாம் எங்கள் மதிலை ஒட்டி ஊர்ந்து வந்து, சரியாக எங்கள் மேசைகளுக்கு நேரே நின்றுவிடும். நின்ற பஸ்ஸில் இருப்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? தட்டைத்தான் பார்ப்பார்கள். ஜன்னலோரத்துக்காரர் பார்த்து, பக்கத்தில் இருப்பவரையும் தொட்டுக் காட்டுவார். வெளிநாட்டுப் படங்களில் நடைபாதையில் மேசை போட்டு எல்லாரும் பார்க்க ஒய்யாரமாகச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது ஆகாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்கிற ஜாதி நாம்.

அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், அம்மா முதலில் குழந்தையின் நாற்காலியைத் திருப்பினாள். அப்புறம் தன் நாற்காலியை. கடைசியில் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ரோட்டுக்கு முதுகு காட்டி ஒரே வரிசையில் பந்தி மாதிரி உட்கார்ந்தார்கள். பாபு எதிரே நின்று பரிமாறினான். நான் அடுத்த நாளே மதிலோரம் அரளிச் செடித் தொட்டிகள் வாங்கி வரிசையாக வைத்தேன். அப்படி வைக்கக் காரணம், அவர்களோடு வந்த பெரியவர் கை கழுவும்போது கேட்ட கேள்வி:

"பஸ்ல போறவன் பூரா என் பிரியாணியைப் பாத்துட்டுப் போறான், இது எனக்கு எப்படிம்மா செரிக்கும்?"

லாரிச் சத்தம்

ஒரு அக்காவும் தம்பியும் வாரம் தவறாமல் வருவார்கள். தம்பிக்கு முப்பது வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் திடீரென்று பெருங்குரலில் கூவுவான். எண்ணெயில் போட்ட அப்பளம் விரிவதைப் பார்த்தால் கூட அவனுக்குச் சந்தோஷம்தான். முதல் தடவை அவர்கள் ஹாலுக்குள்தான் உட்கார்ந்தார்களாம். அவன் ஒரு தடவை கூவியதும் எல்லா மேசையும் திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்த அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாளாம்.

வெளியே எங்களிடம் வந்தபோது நான் நல்ல பெண்ணாக நடந்துகொள்வதாக நினைத்து, ரோட்டுக்குத் தூரமாக, மரத்துக்குப் பின்னால், சத்தமில்லாத மேசையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மதிலோரத்து மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்தால் செம்பரம்பாக்கத்து குடோன்களுக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருக்கும். எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்குகிற மேசை அது. தம்பி கூவினான். ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். பிறகு ஒரு நாள் அவளாகவே சொன்னாள்:

"இங்க லாரி சத்தத்துல இவன் சத்தம் யாருக்கும் தெரியாது மேடம். வாரத்துல இந்த ஒரு வேளைதான் நான் சூடா சாப்பிடறேன்."

காக்காயை விரட்டியது

வெளியே சாப்பாடு என்றால் அழையாத விருந்தாளிகள் வருவார்கள். எறும்பு, பூனை, ஆடிக் காற்று இவற்றை எல்லாம் சமாளித்துவிடலாம். அம்மி பறக்கும் மாதத்தில் டிஷ்யூ பேப்பருக்காக யார் அழுவார்கள்? காக்காய்தான் பெரும்பாடு. பாரிவாக்கத்து பிளாட்டிலிருந்து வந்த ஒரு திருநெல்வேலிக்காரர், பெயர் சிவகுமார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் மகள் தட்டிலிருந்து ஒரு காக்காய் சிக்கன் துண்டைக் கொத்திக்கொண்டு போனது. குழந்தை அழவில்லை, கைதட்டிச் சிரித்தது. ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் போவதை முதலாளி கல்லாவிலிருந்து பார்த்தார்.

பாபு யோசனை சொன்னான். "அக்கா, செத்த காக்கா மாறி ஒண்ணு செஞ்சி தலகீழா தொங்க வுட்டா, ஒண்ணுகூட வராது." கிழிந்த குடைத் துணியில் பஞ்சை அடைத்து, இறக்கையை விரித்துத் தைத்து, மரக்கிளையில் தலைகீழாகக் கட்டினான். ஊரிலுள்ள காக்காய் எல்லாம் கூடி அன்று அரை நாள் கத்தித் தீர்த்தன. எழவு வீட்டில்கூட அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒரு காக்காயும் எங்கள் மதிலில் வந்து உட்காரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாயங்காலங்களில் மேசை நிறைய ஆரம்பித்தது. ஆனாலும் மதியத்தில் நாங்கள் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி வெளியே வந்து அண்ணாந்து அந்தக் கறுப்புப் பொம்மையையும் காலி மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காக்காவ தொரத்திட்ட சரி. மத்தியானத்துக்கு வர்ற ஆளுங்களயும் சேத்து தொரத்திட்ட போல கீதே?"

இலையோடு வந்தவர்கள்

ஆடி அமாவாசை அன்று வானம் மந்தாரமாக இருந்தது. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே ஒரே ஒரு மேசையில் ஆள் இருந்தது. கல்யாண நாள் கொண்டாட வந்த ஆவடித் தம்பதி. நான் சர்ச்சில் பார்த்துப் பழகிய முகங்கள். அந்த அம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது சிவகுமார் மனைவியோடும் மகளோடும் வந்து, 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழேயே நின்றார். கையில் ஒரு தூக்குவாளி, மடித்த வாழையிலை.

"எக்கா, ஒரு உதவி செய்யணும். இன்னைக்கு அப்பாவுக்குப் படைக்கணும். போன வருசம் ஊருக்குப் போயிட்டேன், இந்த வருசம் லீவு கெடைக்கல. பிளாட்ல மொட்டை மாடியப் பூட்டிட்டாவ. காக்காவுக்கு வச்சா சோலார் தகட்டுல சோறு கொட்டுதாம். பால்கனியில வச்சா கீழ் வீட்டுக்காரவ சண்டைக்கு வாராவ. ரோட்டோரத்துல நாய்க்கு வைக்கிற மாரி வைக்க எனக்கு மனசு வரல. ஒங்க மதில்ல ஒரு இலை வச்சுக்கிடட்டுமா? இங்கதான் காக்கா நெறைய வரும்லா?"

வையுங்கள் என்று தலையை ஆட்டிவிட்டேன். அமாவாசைக்கு அமாவாசை பக்கத்து வீடுகளில் 'கா கா' என்று கூப்பிடும் குரலைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். செத்தவர்கள் காக்காயாக வந்து சாப்பிடுவதாக அவர்கள் நம்புவதும் தெரியும். மரத்தில் பொம்மையைக் கட்டியபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. சிவகுமாரின் மனைவி முத்துலட்சுமி மதிலைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, இலை போட்டு, சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்; காக்காய் எடுத்த பிறகுதான் வாயில் எதுவும் படும். சிவகுமார் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார். அப்படி அண்ணாந்தபோது அவர் கண் கிளைக்குப் போனது. தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாபுவைப் பார்த்தேன்.

பாபு நாற்காலி மேல் ஏறி அதை அறுத்தான். நான் வாங்கி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோதும் மதில் காலியாகத்தான் இருந்தது. தூரத்து செல்போன் டவரில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. சிவகுமார் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிவிட்டது. குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டது:

"தாத்தா மெட்ராசே பாத்தது இல்லியேம்மா, வழி எப்பிடித் தெரியும்?"

எல்லாரும் கூப்பிட்டது

அந்த நேரம் பார்த்து முதலாளி முற்றத்துக்கு வந்தார். அவர் பின்னால் கண்ணாடிக் காண்டிராக்டர், கையில் அளவு டேப். ஆடி முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை மனுஷன். சிவகுமார் குடும்பத்துக்கு ஒதுக்கிய மேசையில் தண்ணீர் டம்ளர் தவிர ஒன்றும் இல்லாததைப் பார்த்து, "இன்னா ஆர்டர் சொல்லிக்கீறாங்க?" என்று கேட்டார். "காக்கா வரணும் சார்" என்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மதிலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மரத்தடியில் போய் நின்றுகொண்டார். காண்டிராக்டர் டேப்பை இழுத்துச் சரட்டென்று விட்டார். முதலாளி அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று என் அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவோம். காற்றில் அணைந்து அணைந்து போகும். இரண்டு கையாலும் பொத்தி, அது நின்று எரிகிற வரைக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனசே வராது. அணைந்த மெழுகுவத்தியை விட்டுவிட்டு வந்தால் அவரை இருட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். சிவகுமார் நின்ற நிலையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, நானும் கூப்பிட்டேன். கா... கா... பாபு கூப்பிட்டான். கல்யாண நாள் டீச்சரம்மா சிக்கன் லாலிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு எழுந்து நின்று, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார். ஏசி ஹாலில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

டவரிலிருந்து ஒன்று மட்டும் இறங்கியது. மதிலில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது. அது சட்டென்று எழும்பி, டீச்சரம்மாவின் மேசைக்குப் பறந்து, லாலிபாப்பைக் கவ்விக்கொண்டு மதிலுக்கே திரும்பி வந்தது. எல்லாரும் பார்க்க அதை நிதானமாகக் கொத்தித் தின்றது. முடித்துவிட்டு, அலகை மதிலில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டு, இலையில் ஏறிச் சோற்றைக் கொத்தியது. பிறகு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. சிவகுமார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். முத்துலட்சுமி ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பக்கம் சிரித்தாள்:

"மாமா இருந்தப்பவும் இப்பிடித்தான். கறியத் தின்னு முடிச்சிட்டுத்தான் சோத்துல கைய வைப்பாவ."

அளவு எடுக்க வந்தவர்

டீச்சரம்மாவுக்கு நான் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நம் வீட்டு விசேஷத்தில் இன்னொரு வீட்டுப் பெரியவரும் சாப்பிட்டுப் போனதாக இருக்கட்டும் என்றார். சிவகுமார் குடும்பம் அங்கேயே உட்கார்ந்து, தூக்குவாளியில் மிச்சம் இருந்த படையலைப் பங்கு போட்டுச் சாப்பிட்டது. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான். நான் அவர்களுக்கு அப்பளம் பொரித்துக் கொண்டுவரப் போயிருந்தேன்.

அப்பளத்தோடு திரும்பி வரும்போது காண்டிராக்டர் முற்றத்தின் ஒரு மூலையில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அண்ணாத்தே, டைம் ஆவுது. மதில்ல இருந்து ஹால் வரைக்கும் ஒரே அளவா எடுத்துடட்டா?" என்றார். நான் தட்டோடு அப்படியே நின்றேன். பாபுவும் நின்றான். முதலாளி மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது இரண்டாவது காக்காய் வந்து பாயசத்தில் அலகை விட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பாமலே சொன்னார்:

"கண்ணாடி போட்டுட்டா அது எப்டி நைனா உள்ள வரும்?"

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் விஷயத்தில் காக்காய் உட்கார்ந்ததால் என் வேலையும் பாபுவின் வேலையும் விழாமல் நின்றன. மழைக்கு ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை போட்டதோடு முதலாளி விட்டுவிட்டார். பாரிவாக்கத்து பிளாட்டுகளில் செய்தி பரவி, இப்போது அமாவாசை என்றால் மதிலோர மேசைக்கு முன்கூட்டியே போன் வருகிறது. படைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு சாயங்காலம் பிள்ளைகளோடு சாப்பிட வருகிறார்கள். காலையில் கடை திறந்ததும் மதிலில் ஒரு கை சோறு வைப்பது என் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பலகையின் அர்த்தத்தை யாராவது கேட்டால் குளிர்ச்சி என்றே சொல்கிறேன், அது இத்தாலிக்காரர்களுடையது, அதில் நான் கை வைக்கவில்லை.

இத்தனை நாள் வெளியே நின்று நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கதவு வைத்த ஹாலுக்கு உயிரோடு இருப்பவர்கள் மட்டும் சாப்பிட வருவார்கள், வெளியே மேசை போட்டவர்கள் போனவர்களுக்கும் இடம் வைக்க வேண்டும், பில்லை மட்டும் இருப்பவர்கள் பேரில் போட்டுக்கொள்ளலாம்.